கால் மாறி ஆடிய ஊரில் ஒரு கால் வலி

ஆடல்வல்லான் திருநடம் புரியும் ஐந்து அம்பலங்களுள் மதுரை வெள்ளியம்பலம் ஒன்று. தில்லைப் பொன்னம்பலத்தில் வலக்காலை ஊன்றி இடக்காலைத் தூக்கி ஆடும் பெருமான், இங்கே இடக்காலை ஊன்றி வலக்காலைத் தூக்கி ஆடுகிறார். இதற்கான காரணத்தைப் பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம் மாறியாடின படலத்தில் விரிக்கிறது. அறுபத்து நான்கு கலைகளுள் ஆடற்கலை ஒன்றை மட்டும் பயிலாதிருந்த இராசசேகர பாண்டியன், அதனையும் கற்கத் தொடங்கினான். பயிற்சியில் அவன் உடல் நொந்தது, கால் கடுத்தது. சில நாள் ஆடிய தனக்கே இத்தனை வருத்தம் என்றால், எந்நாளும் ஒரே காலை ஊன்றி நிற்கும் இறைவனுக்கு எத்துணை வருத்தம் இருக்கும் என்று அவன் உள்ளம் உருகியது. கால் மாறி ஆட வேண்டுமென்று அவன் மன்றாட, பெருமானும் அவ்வாறே மாறி ஆடியருளினார்.

பக்தியின் உச்சத்தைக் காட்டும் இந்த வரலாற்றில் உடலைப் பற்றிய உண்மை ஒன்றும் அடங்கியிருக்கிறது. ஒரே நிலையில் நெடுநேரம் இருப்பது உடலுக்குத் துன்பம். நிலையை மாற்றுவது ஆறுதல். இடுப்பில் தொடங்கி ஒரு கால் வழியே பாதம் வரை சுண்டி இழுக்கும் நரம்பு வலிக்கு இன்றைய மருத்துவம் கூறும் முதல் வழியும் ஏறத்தாழ இதுவே. சயாட்டிகா என்று மருத்துவர்கள் குறிப்பிடும் இந்த வலியால் கோயிலுக்குச் செல்வதையே நிறுத்திவிட்ட முதியோர் பலர். வலியைச் சொன்னால் பிள்ளைகள் வெளியே விடமாட்டார்கள் என்று அஞ்சி மறைத்துக்கொள்வோரும் உண்டு. இரண்டுமே வேண்டாதவை. பெரும்பாலும் வீட்டிலேயே தணியக்கூடிய வலி இது. ஆயினும், தணியும் வரை காத்திருக்கலாகாத சில குறிகளும் இதற்கு உண்டு. இவ்விரண்டையும் பிரித்தறிவதே முதல் மருத்துவம்.

வலி வரும் வழி

உடலில் உள்ள நரம்புகளுள் மிகப் பருமனானது இந்த இடுப்பு நரம்பே. கீழ் முதுகில் தண்டுவடத்திலிருந்து வெளிவரும் பல நரம்பு வேர்கள் ஒன்றுசேர்ந்து, ஏறக்குறைய ஒரு விரல் பருமனுள்ள நரம்பாகிப் பிட்டத்தின் ஆழத்தில் இறங்குகின்றன. அது தொடையின் பின்புறமாகச் சென்று, முழங்காலுக்குச் சற்று மேலே இரண்டாகப் பிரிந்து, கெண்டைக்கால், பாதம், விரல்கள் வரை எட்டுகிறது. இதன் வேர் எங்கேனும் அழுத்தப்பட்டால், அழுத்தம் முதுகில் இருந்தாலும் வலி காலில் தெரியும். எரிச்சல், மின்சாரம் பாய்வது போன்ற சுண்டல், மரமரப்பு, ஊசி குத்துவது போன்ற உணர்வு ஆகியவை இதன் அடையாளங்கள். பெரும்பாலும் ஒரு காலில் மட்டுமே வலி இருக்கும்.

ஆயுர்வேதம் இதனைக் கிருத்ரசி என்று அழைக்கிறது. கிருத்ரம் என்பது கழுகைக் குறிக்கும் வடசொல். சரக சங்கிதை இந்நோயை வாத நோய்களுள் ஒன்றாக வைத்து, வலி பிட்டத்தில் தொடங்கி இடுப்பு, தொடை, முழங்கால், கெண்டைக்கால், பாதம் என முறையே இறங்குவதைக் குறித்துள்ளது. மேலை நாட்டில், நேப்பிள்ஸ் நகர மருத்துவர் தொமெனிக்கோ கொத்துன்யோ 1764ஆம் ஆண்டு இவ்வலியைப் பற்றித் தனி நூலே எழுதினார். முதுகெலும்புகளுக்கு இடையே மெத்தை போல் அமைந்துள்ள தட்டு பிதுங்கி நரம்பை அழுத்துவதே இதற்கு முக்கியக் காரணம் என்பதை 1934இல் பாஸ்டன் நகர மருத்துவர்கள் மிக்ஸ்டர், பார் இருவரும் நிலைநாட்டினர். ‘டிஸ்க் விலகிவிட்டது’ என்று வழக்கில் சொன்னாலும், தட்டு இடம்விட்டு ஓடிவிடுவதில்லை. அதன் உட்பகுதி பிதுங்குகிறது. பிதுங்கிய பகுதி பலருக்குக் காலப்போக்கில் தானே சுருங்குகிறது. ஆகவே, ‘விலகியதைத் தட்டி உள்ளே தள்ளுகிறேன்’ என்று முதுகில் ஏறி மிதிப்போரிடம் உடலை ஒப்படைக்கத் தேவையில்லை.

மதுரையைச் சூழ்ந்த வைகைச் சமவெளியில் இவ்வலிக்கு இடம் தரும் வேலைகள் பல. நாற்று நடவு, விடியுமுன் குனிந்து பறிக்கும் மல்லிகை, தரையில் மணிக்கணக்கில் அமர்ந்து சுங்குடிச் சேலைக்கு முடிச்சிடும் தொழில், தண்ணீர்க் குடம் தூக்குதல் ஆகியன இளமையில் முதுகு சுமந்தவை. முதுமையில் எலும்பும் தட்டும் தேய்ந்தபின் அவற்றின் கணக்கு வெளிப்படுகிறது.

இருவகை வலி

முதியோருக்கு வரும் இவ்வலியைப் பெரும்பாலும் இரண்டாகப் பிரிக்கலாம். முதல் வகை, தட்டு பிதுங்குவதால் வருவது. அமர்ந்தாலும், குனிந்தாலும், இருமினாலும், தும்மினாலும் இது மிகும். நின்றாலோ சற்று நடந்தாலோ குறையும்.

இரண்டாம் வகை, நரம்புகள் செல்லும் எலும்புக் குழாய் வயதினால் குறுகுவதால் வருவது. சிறிது தூரம் நடந்ததும் பிட்டமும் காலும் கனத்து வலிக்கும். திண்ணையில் அமர்ந்தாலோ முன்புறம் சாய்ந்தாலோ சில நிமிடங்களில் விட்டுவிடும். ஆடி வீதியைச் சுற்றி வரும்போது இரண்டு, மூன்று இடங்களில் உட்கார்ந்து எழுந்தால்தான் பிரகாரம் நிறைவு பெறும் என்ற நிலையில் உள்ளவர்கள் பலர் இந்த வகையினர்.

எவ்வகை என்று அறிந்தால், எந்த நிலை இதம் தரும் என்பதும் விளங்கும். அமர்ந்தால் வலிப்பவர் அடிக்கடி எழ வேண்டும். நடந்தால் வலிப்பவர் இடையிடையே அமர வேண்டும். இருவருக்கும் பொதுவானது, நிலையை மாற்றிக்கொண்டே இருப்பது.

காத்திருக்கலாகாத குறிகள்

வீட்டு மருத்துவத்தைத் தொடங்கும் முன் இக்குறிகள் இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும்.

சிறுநீர் கழிக்க முடியாமல் தேங்குதல் அல்லது அறியாமல் கசிதல். மலம் அடக்க இயலாமை. பிறப்புறுப்பு, ஆசனவாய், உட்தொடை ஆகிய பகுதிகளில் உணர்வு மரத்துப்போதல். இரு கால்களும் ஒருசேர வலுவிழத்தல். இவற்றுள் ஒன்று புதிதாகத் தோன்றினாலும் அது அவசர நிலை. தண்டுவடத்தின் கீழ்நுனி நரம்புக் கற்றை முழுவதும் நசுங்குவதன் அடையாளம் இது. சில மணி நேரத் தாமதம் கூட நிலையான பாதிப்பில் முடியலாம். வயதான பெண்கள் கூச்சத்தினால் இதை மருமகளிடம் கூடச் சொல்லாமல் இருந்துவிடுகின்றனர். ஆண்களோ வயதின் குறை என்று தள்ளிவிடுகின்றனர். கால்வலியோடு சிறுநீர்த் தொல்லையும் புதிதாகச் சேர்ந்தால், நள்ளிரவானாலும் 108 ஊர்தியை அழைத்துப் பெரிய மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

வேறு சில குறிகளுக்குத் தாமதமின்றி மருத்துவரைக் காண வேண்டும். பாதத்தை மேலே தூக்க இயலாமல் செருப்பு நழுவுதல், தரையில் கால் இழுபடுதல், விழுந்தபின் தொடங்கிய வலி, காய்ச்சல், காரணமின்றி உடல் எடை குறைதல், முன்பு புற்றுநோய் இருந்தமை, படுத்தாலும் தணியாமல் இரவெல்லாம் வாட்டும் வலி, நெடுநாள் ஸ்டீராய்டு மருந்து உட்கொண்டமை. வலியுள்ள பக்கத்தில் கொப்புளங்கள் கிளம்பினால் அது அக்கியாக இருக்கலாம். அதற்குத் தொடக்கத்திலேயே மருந்து உண்டு.

படுக்கையே மருந்தன்று

முதுகு வலித்தால் அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்பது தலைமுறை தலைமுறையாக வந்த எண்ணம். நெதர்லாந்து நாட்டில் இவ்வலியுள்ள 183 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை இரண்டு வாரம் படுக்கையில் ஓய்வெடுக்கச் செய்தனர். மற்றவர்களை இயன்றவரை நடமாடச் செய்தனர். 1999இல் வெளியான அந்த ஆய்வின் முடிவு, படுக்கை ஓய்வினால் கூடுதல் நன்மை ஒன்றும் இல்லை என்பதே. பன்னிரண்டு வாரம் கழிந்தபோது இரு பிரிவிலும் நூற்றுக்கு 87 பேர் தேறியிருந்தனர். படுத்தவரும் தேறினர், நடந்தவரும் தேறினர். ஆனால் முதியவர் இரண்டு வாரம் படுத்தால் தொடைத் தசை மெலியும், மலச்சிக்கல் வரும், எழும்போது தலை சுற்றி விழும் அபாயம் பெருகும். வலி போனபின்பும் கால் வலு திரும்புவதில்லை.

வலி கடுமையாக உள்ள முதல் ஓரிரு நாள் சற்றுக் கூடுதலாக ஓய்வெடுக்கலாம். அதன்பின் வீட்டுக்குள்ளேயே, மணிக்கு ஒருமுறை, ஐந்து நிமிடமேனும் மெல்ல நடக்க வேண்டும்.

வீட்டில் செய்யத்தக்கவை

படுக்கும் முறை: மல்லாந்து படுப்பவர் முழங்கால்களுக்குக் கீழே இரண்டு தலையணை வைக்கலாம். ஒருக்களித்துப் படுப்பவர் வலியுள்ள கால் மேலே இருக்குமாறு படுத்து, இரு முழங்கால்களுக்கும் நடுவே ஒரு தலையணை வைக்கலாம். தரையில் பாய் விரித்துப் படுத்து எழ இயலாதவர் கட்டிலையே நாடுவது நல்லது.

எழும் முறை: மல்லாந்த நிலையிலிருந்து நேரே நிமிரக் கூடாது. முதலில் ஒருக்களித்து, கால்களைக் கட்டிலுக்கு வெளியே இறக்கி, கையை ஊன்றி எழ வேண்டும். சற்று அமர்ந்து, தலை சுற்றல் இல்லை என்று கண்டபின் நிற்க வேண்டும்.

முதல் பயிற்சி: மல்லாந்து படுத்து இரு முழங்கால்களையும் மடக்கி, பாதங்களை ஊன்றிக்கொள்ள வேண்டும். கீழ் முதுகு படுக்கையைத் தொடுமாறு வயிற்றை மெல்ல உள்வாங்கி, ஐந்து எண்ணும் வரை நிறுத்தித் தளர்த்த வேண்டும். மூச்சை அடக்கக் கூடாது. ஐந்து முதல் பத்து முறை போதும்.

இரண்டாம் பயிற்சி: அதே நிலையில் ஒரு முழங்காலை மட்டும், தொடையின் பின்புறத்தைக் கைகளால் பற்றி, மார்பை நோக்கி மெல்லக் கொண்டுவந்து பத்து எண்ணி விட வேண்டும். பிறகு மறு கால். நடந்தால் வலிப்பவருக்கு இது பெரிதும் இதம் தரும். இடுப்பு மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டவர் மருத்துவரைக் கேளாமல் இதைச் செய்யலாகாது.

மூன்றாம் பயிற்சி: கைப்பிடியுள்ள நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்து, வலியுள்ள காலை மெல்ல நீட்டி, இழுப்பு தொடங்கும் இடத்திற்கு முன்பே நிறுத்தி மடக்க வேண்டும். நரம்பை இழுத்து நீட்டுவது இதன் நோக்கமன்று. அதன் பாதையில் வழுக்கி ஓடச் செய்வதே நோக்கம்.

மூன்றுக்கும் ஓர் அளவுகோல் உண்டு. பாதத்தில் இருந்த வலி கெண்டைக்காலுக்கும், பிறகு தொடைக்கும், பிட்டத்துக்கும் மேலேறிச் சுருங்கினால் பயிற்சி பொருந்துகிறது. இடுப்பில் சற்று வலி கூடினாலும் கவலையில்லை. மாறாக, வலி இன்னும் கீழே இறங்கினாலோ மரமரப்புப் பெருகினாலோ அப்பயிற்சியை உடனே விட்டுவிட வேண்டும்.

ஒத்தடம், எண்ணெய், மாத்திரை

வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றி, இடுப்பிலும் பிட்டத்திலும் பதினைந்து நிமிடம் ஒத்தடம் கொடுக்கலாம். சிலருக்குக் குளிர் ஒத்தடம் இதமாக இருக்கும். நீரிழிவினால் கால் மரத்துப்போனவர்கள் காலிலும் பாதத்திலும் சூடு வைக்கவே கூடாது. சுட்டது தெரியாமல் புண்ணாகிவிடும். வீட்டார் தம் முன்கையில் வைத்துச் சூடு பார்த்தபின் கொடுப்பது நல்லது.

நல்லெண்ணெயோ வைத்தியர் தந்த தைலமோ மென்மையாகத் தடவி வெந்நீரில் குளிப்பதில் தடையில்லை. எண்ணெய்க் காலோடு குளியலறையில் வழுக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அழுத்திப் பிசைதல், நெட்டி முறித்தல், சுளுக்கு எடுப்பதாகக் காலைப் பிடித்து உதறுதல் ஆகியன தேய்ந்த எலும்பை முறித்துவிடக்கூடும். முடக்கறுத்தான் கீரையை அரைத்துத் தோசை வார்ப்பது நம் வீடுகளின் வழக்கம். உணவாக உண்ணலாம், அதை நம்பி மருத்துவரைக் காண்பதைத் தள்ளிப் போடலாகாது. பெயரும் உள்ளிருப்பும் அச்சிடாத பொட்டலச் சூரணங்களைத் தவிர்க்க வேண்டும். ஒரே நாளில் வலி போக்கும் அத்தகைய சில பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருந்தது உண்டு.

மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை முதியோருக்கு எளிய பொருளன்று. சிறுநீரகம் தளர்ந்தவர், வயிற்றுப் புண் உள்ளவர், இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவர், இதயக் கோளாறும் இரத்த அழுத்தமும் உள்ளவர் ஆகியோருக்கு அது பெருந்தீங்கு செய்யலாம். தாம் உண்ணும் எல்லா மருந்துகளையும் ஒரு பையில் எடுத்துச்சென்று மருத்துவரிடம் காட்டியபின்பே புதிய மாத்திரையைச் சேர்க்க வேண்டும்.

ஆலயம் தொழும்போது

வலி கடுமையாக உள்ள நாள்களில் தோப்புக்கரணமும், தரையில் விழுந்து வணங்குவதும், அங்கப்பிரதட்சிணமும் வேண்டாம். முக்குறுணி விநாயகர் திருமுன் நின்று, தலையில் மெல்லக் குட்டி, கைகூப்பினாலும் அவர் ஏற்றருள்வார். தரையில் சம்மணமிட்டு அமர இயலாதவர், பொற்றாமரைக் குளத்துப் படியில் சற்று உயரமான இடம் பார்த்து அமரலாம். அங்கும் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நிற்க வேண்டும். தரிசன வரிசையில் நிற்கையில் உடற்பாரத்தை இரு கால்களுக்கும் மாற்றி மாற்றிக் கொடுக்கலாம். கூட்டம் குறைந்த நாளையும் வெயில் ஏறாத காலைப் பொழுதையும் தேர்ந்தெடுத்தால் நிற்கும் நேரமும் குறையும்; சுடுகல்லில் மரத்த பாதம் கொப்புளிப்பதையும் தவிர்க்கலாம்.

திருப்பரங்குன்றத்துக் கிரிவலத்தை வலி தணியும் வரை ஒத்திவைத்து, வீட்டு வாசலிலிருந்து தெருமுனை வரை நடந்து பழகலாம். நாளொன்றுக்குச் சில அடிகளாகக் கூட்டினால் கால் மீண்டும் தன் வலுவைப் பெறும். சித்திரைத் திருவிழாவில் அழகர் வைகையில் இறங்கும் வேளையில் நெரிசலில் நிற்பது இவ்வலியுள்ளோருக்கு ஏற்றதன்று. சேலை உடுத்திய பெண்கள் இருசக்கர வண்டியின் பின்னே ஒருபக்கமாக அமரும்போது இடுப்பு முறுக்கப்படுகிறது. வலி உள்ளவரை ஆட்டோவோ பேருந்தோ நலம். வீட்டில் பூசைக்குரிய படங்களையும் விளக்கையும் மேசை உயரத்தில் அமைத்து, நாற்காலியில் அமர்ந்தபடியே வழிபடலாம்.

உதவி கிடைக்கும் இடம்

ஆறு வாரத்தில் வலி கணிசமாகக் குறையாவிட்டாலும், இடையே நாளுக்கு நாள் மிகுந்தாலும் மருத்துவரை நாட வேண்டும். எல்லோருக்கும் உடனே ஸ்கேன் தேவைப்படுவதில்லை. வலியில்லாத முதியோரின் முதுகிலும் தட்டுத் தேய்மானம் ஸ்கேனில் தெரிவது இயல்பு; படத்தைப் பார்த்து அஞ்ச வேண்டியதில்லை. அறுவை சிகிச்சை சிலருக்கே தேவைப்படுகிறது.

முன்பு எர்ஸ்கின் மருத்துவமனை என்று பெயர் பெற்றிருந்த மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் நரம்பியல், எலும்பியல், இயன்முறை மருத்துவம் ஆகிய பிரிவுகள் உள்ளன. தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ், வெளியே செல்ல இயலாதவர்களுக்கு இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வந்து பயிற்சி அளிக்கும் ஏற்பாடு உண்டு. மேலூர், சோழவந்தான், திருமங்கலம், உசிலம்பட்டி போன்ற ஊர்களில் வாழ்வோர் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதுபற்றி விசாரிக்கலாம்.

பிள்ளைகளுக்கும் இதில் ஒரு கடமை உண்டு. ‘வயதாகிவிட்டது, பேசாமல் படுங்கள்’ என்பது அன்பினால் சொல்லப்பட்டாலும் பெற்றோரின் கால்களைப் பலவீனப்படுத்தும் சொல். குளியலறையில் ஒரு கைப்பிடி, நாற்காலி போல் அமரும் கழிப்பறை, பிடிமானமுள்ள செருப்பு, மாலையில் கைபிடித்துக் கூட நடக்க ஒருவர் ஆகிய இந்த நான்கும் விலையுயர்ந்த தைலங்களைவிடப் பெரிதும் உதவும். வலியை மறைக்காமல் சொல்லும் பெற்றோரும், அதைச் செவிமடுத்து உடன் நடக்கும் பிள்ளைகளும் உள்ள இல்லத்தில் முதுமைக்குக் கோயில் தொலைவில் இராது. அங்கயற்கண்ணி அம்மையும் ஆலவாய் அண்ணலும் அடியவர் கால்களுக்கு வலிமை அருள்வார்களாக.